பிரேம் ஜெனரேஷன் வழிகாட்டி: லாஸ்லெஸ் ஸ்கேலிங்கைச் சரியான வரிசையில் அமைப்பது எப்படி

கேம் வரையும் பிரேம்களுக்கு (படங்களுக்கு) நடுவே கூடுதல் பிரேம்களை நுழைத்து அசைவை மென்மையாக்கும் மென்பொருள் லாஸ்லெஸ் ஸ்கேலிங். அதைப் புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். மென்பொருளைத் திறந்ததும் 4 மடங்கைத் தேர்ந்தெடுத்து, கேமுக்குள் போய் ஷார்ட்கட்டை அழுத்துகிறார்கள். மூலையில் எஃப்பிஎஸ் எண் (விநாடிக்கு எத்தனை பிரேம்கள் என்பது) எகிறுகிறது. ஆனால் மவுஸ் சேற்றில் இழுபடுவது போல் இருக்கிறது, படமும் திக்குகிறது. "இது வேலைக்கு ஆகாது" என்று அழித்துவிடுகிறார்கள்.

மென்பொருளில் குறை இல்லை. கேமைத் தயார் செய்து, எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு போட்டு, அதன் பிறகுதான் பிரேம் ஜெனரேஷனைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறினால் எந்த செட்டிங்கும் கைகொடுக்காது. கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

## 1. இது எதைக் கூட்டும், எதைக் கூட்டாது

கேம் ஒரு பிரேமை வரைகிறது, அடுத்ததையும் வரைகிறது. இரண்டையும் ஒப்பிட்டு, நடுவில் எது எங்கே இருந்திருக்கும் என்று கணித்து ஒரு படத்தை நுழைப்பதுதான் பிரேம் ஜெனரேஷன். 60 எஃப்பிஎஸ் 120 ஆவது இப்படித்தான்.

கூடுவது கண்ணுக்குத் தெரியும் மென்மை மட்டுமே. கேம் உங்கள் கையைக் கவனிப்பது இன்னமும் விநாடிக்கு 60 முறைதான். ஆகவே கட்டுப்பாட்டின் வேகம் கூடாது, சற்றுக் குறையும்.

குறைவதற்குக் காரணம் உண்டு. நடுப்பிரேமை உருவாக்க அடுத்த பிரேம் கையில் இருக்க வேண்டும். அது வந்த பிறகு முதலில் நடுப்பிரேமைக் காட்டி, அதற்குப் பின்தான் உண்மையான பிரேமைக் காட்ட முடியும். அதுவரை உண்மையான பிரேம் காத்திருக்கும். 60 எஃப்பிஎஸ்ஸில் 2 மடங்கு என்றால் இந்தக் காத்திருப்பு ஏறக்குறைய 8 மில்லிவிநாடி; கணக்கிடும் நேரம் தனி. 30 எஃப்பிஎஸ்ஸை 4 மடங்காக்கினால் காத்திருப்பு 25 மில்லிவிநாடி ஆகிவிடும். இரண்டுமே 120 என்றுதான் எண் காட்டும், ஆனால் கையில் முற்றிலும் வேறு வேறு அனுபவம்.

ஆகவே அடிப்படை எஃப்பிஎஸ்தான் முக்கியம். 1080பி-யில் 30, 1440பி-யில் 40 என்பவை குறைந்தபட்ச எல்லைகள். 4கே-யில் 60-க்குக் கீழ் முயலவே வேண்டாம். எந்த ரெசல்யூஷனிலும் 60 இருந்தால்தான் நிம்மதியாக விளையாடலாம். 25 எஃப்பிஎஸ்ஸில் தடுமாறும் கேமை இது காப்பாற்றாது. வேலரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2 போன்ற போட்டி கேம்களில் இதைப் போடவே கூடாது. அங்கே ஒவ்வொரு மில்லிவிநாடியும் உங்களுக்கு எதிராக நிற்கும்.

## 2. முதலில் கேமுக்குள் பாருங்கள்

லாஸ்லெஸ் ஸ்கேலிங் திரையில் வரும் படத்தை மட்டுமே பார்க்கிறது. எந்தப் பொருள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேமின் எஞ்சினுக்குத் தெரியும். இந்த மென்பொருளுக்குத் தெரியாது. அதனால் கேமிலேயே பிரேம் ஜெனரேஷன் இருந்தால் அதையே எடுங்கள். ரத்த அளவு, குறிவட்டம், மேப் போன்றவற்றை அது தனியாகக் கையாளும். படம் சிதைவது குறையும்.

என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் பிரேம் ஜெனரேஷனுக்கு ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 3, 4 மடங்கு தரும் மல்டி பிரேம் ஜெனரேஷன் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு மட்டும். ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் 3 பிரேம் ஜெனரேஷன் கார்டு நிறுவனத்தைப் பார்ப்பதில்லை. ஆர்டிஎக்ஸ் 20, 30 வரிசைகளிலும் ஓடும். ஆர்டிஎக்ஸ் 3060 வைத்திருக்கும் பலர், கேம் மெனுவில் டிஎல்எஸ்எஸ் வரி மங்கலாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் எஃப்எஸ்ஆர் வரியைக் கவனிக்காமல் போகிறார்கள்.

ஆர்டிஎக்ஸ் 40 கார்டு இருந்தும் டிஎல்எஸ்எஸ் பிரேம் ஜெனரேஷன் மங்கலாக இருந்தால், விண்டோஸின் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் அணைந்திருக்கும். அதை ஆன் செய்து கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேமில் எதுவும் இல்லையென்றால் டிரைவரைப் பாருங்கள். ரேடியான் ஆர்எக்ஸ் 6000 முதலான கார்டுகளுக்கு ஏஎம்டி அட்ரினலினில் ஏஎஃப்எம்எஃப் என்ற பிரேம் ஜெனரேஷன் உண்டு. ஆர்டிஎக்ஸ் 40, 50 வரிசைகளுக்கு என்விடியா ஆப்பில் ஸ்மூத் மோஷன் உண்டு. இரண்டும் இலவசம்.

இவை எதுவும் பொருந்தாத இடம்தான் லாஸ்லெஸ் ஸ்கேலிங்குக்கு உரியது: ஜிடிஎக்ஸ் 1650 போன்ற பழைய கார்டுகள், எமுலேட்டர்கள் (கன்சோல் கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்கள்), பழைய கேம்கள், 60 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் போகாமல் பூட்டப்பட்ட எல்டன் ரிங் போன்ற கேம்கள். ஸ்டீமில் விலை கொடுத்து வாங்க வேண்டும். கேமின் கோப்புகளையோ நினைவகத்தையோ அது தொடுவதில்லை. ஜன்னலைப் படம் பிடித்து மேலே இன்னொரு படத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் எப்போதும் நினைவில் இருக்கட்டும்: ஒரு நேரத்தில் ஒன்றுதான். கேமுக்குள் எஃப்எஸ்ஆர் பிரேம் ஜெனரேஷன், டிரைவரில் ஏஎஃப்எம்எஃப், மேலே லாஸ்லெஸ் ஸ்கேலிங் என்று அடுக்கினால், கணித்த படத்திலிருந்து மீண்டும் கணிப்பதாகிவிடும். பிழையும் தாமதமும் சேர்ந்து பெருகும்.

## 3. தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

மானிட்டரின் ஹெர்ட்ஸ், அதாவது திரை விநாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி, விண்டோஸில் 60-லேயே மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் ஏராளம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட் என்ன என்று பாருங்கள். உச்ச எண் பட்டியலிலேயே இல்லையென்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். டிஸ்பிளேபோர்ட் கேபிள் இருந்தால் அதையே செருகுங்கள். செருகும் இடம் கிராபிக்ஸ் கார்டில் இருக்கட்டும், மதர்போர்டில் அல்ல.

உங்களிடம் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் பயன் மிகக் குறைவு. 30-ஐ 60 ஆக்கலாம். மெதுவான கேம்களுக்கு மட்டும் அது ஒத்துவரும். 60-ஐ 120 ஆக்கினாலும் திரையால் காட்ட முடியாது.

வேரியபிள் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்ப மானிட்டர் தன் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்வது. ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் இருந்தால் மானிட்டரின் மெனுவிலும் டிரைவரிலும் ஆன் செய்யுங்கள். என்விடியாவில் முழுத்திரைக்கு மட்டும் என்ற தேர்வை விட்டு, ஜன்னல் முறைக்கும் சேர்த்து என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காரணம், லாஸ்லெஸ் ஸ்கேலிங் காட்டுவது ஒரு ஜன்னல்.

கேமின் திரை முறை. கேமின் டிஸ்பிளே மெனுவில் பார்டர்லெஸ் அல்லது விண்டோடு தேர்ந்தெடுங்கள். எக்ஸ்க்ளூசிவ் ஃபுல்ஸ்கிரீனில் கேம் திரையை முழுதாகத் தன்வசம் வைத்துக்கொள்ளும். மேலே வேறெதுவும் வர இடம் தராது. "ஷார்ட்கட் அழுத்தினேன், எதுவும் நடக்கவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன.

ரிவாட்யூனர் எனப்படும் ஆர்டிஎஸ்எஸ். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னருடன் சேர்ந்து வரும் இலவச மென்பொருள். வரம்பு போடவும், ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) எவ்வளவு உழைக்கிறது என்று பார்க்கவும் இது தேவை.

## 4. ஜிபியுவுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள்

அதிகம் தவறு நடப்பது இந்தப் படியில்தான். கொஞ்சம் நேரம் செலவிடுங்கள்.

பிரேம்களைக் கணிப்பதும் உங்கள் ஜிபியுதான். கேம் ஏற்கெனவே ஜிபியுவை 99 சதவீதம் பிடித்து வைத்திருந்தால், கணிக்கும் வேலைக்கான நேரத்தைக் கேமிடமிருந்தே பிடுங்க வேண்டியிருக்கும். 70-ல் ஓடிய கேம் 52-க்கு இறங்கும். 2 மடங்காகி 104 என்று காட்டும். கையில் உணர்வது 52. அதுவும் ஜிபியு நிரம்பி வழியும்போது பிரேம்கள் வரிசையில் காத்துக் கிடக்கும். தாமதம் இன்னும் ஏறும்.

செய்ய வேண்டியது இது. லாஸ்லெஸ் ஸ்கேலிங்கை மூடிவையுங்கள். கேமில் மிகக் கனமான இடத்துக்குப் போங்கள்: நகரத்தின் நடுப்பகுதி, புகையும் தீயும் நிறைந்த சண்டை, அடர்ந்த காடு. அங்கே எஃப்பிஎஸ் எவ்வளவு, ஜிபியு உழைப்பு எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொள்ளுங்கள். மெனுவிலோ, சுவரைப் பார்த்து நின்றோ அளந்த எண் உதவாது.

அந்தக் கனமான இடத்தில் நீங்கள் குறிவைக்கும் அடிப்படை எஃப்பிஎஸ்ஸை எட்டி, ஜிபியு உழைப்பும் 80 முதல் 85 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் நிழல், வால்யூமெட்ரிக் புகை, பிரதிபலிப்பு, ரே டிரேசிங் ஆகியவற்றை முதலில் குறையுங்கள். இவை ஜிபியுவை அதிகம் தின்னும். ஒரு படி குறைத்தாலும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பிறகு கேமுக்குள் இருக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் அப்ஸ்கேலிங்கை (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவதை) குவாலிட்டியில் வையுங்கள். அப்ஸ்கேலிங் வேறு, பிரேம் ஜெனரேஷன் வேறு. இரண்டும் சேர்ந்து ஓடலாம், ஓடுவது நல்லதும்கூட.

டெக்ஸ்ச்சர் விஷயம் தனி. அது ஜிபியுவின் வேகத்தை அல்ல, வீடியோ மெமரியைப் பிடிக்கும். 4 ஜிபி கார்டுகளில் கேமே அதை நிரப்பியிருக்கும். லாஸ்லெஸ் ஸ்கேலிங்குக்கும் கொஞ்சம் இடம் வேண்டும். இடமில்லாவிட்டால் சில விநாடிக்கொருமுறை கேம் உறைந்து நகரும். அந்தக் கார்டுகளில் டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கியே தொடங்குங்கள்.

சிபியுவால் தடைபடும் கேம் என்றால், அதாவது எஃப்பிஎஸ் குறைவாக இருந்தும் ஜிபியு 60 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால், உங்களுக்கு இது நல்ல செய்தி. சும்மா இருக்கும் ஜிபியுவை வேலை வாங்க இதைவிட நல்ல வழி கிடையாது.

## 5. எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு போடுங்கள்

வரம்பு இல்லாவிட்டால் கேம் தன்னால் முடிந்தவரை ஓடி ஜிபியுவை மீண்டும் நிரப்பிவிடும். மேலே செய்த வேலை வீணாகும். தவிர, 58, 71, 64 என்று எண் அலைபாய்ந்தால் உருவாக்கிய பிரேம்களின் இடைவெளியும் அலைபாயும். மென்மை என்பது பிரேம்கள் ஒரே சீரான இடைவெளியில் வருவதுதான்.

ஆர்டிஎஸ்எஸ்ஸைத் திறந்து, கீழே இருக்கும் ஆட் பட்டனை அழுத்தி, கேமின் எக்ஸ்இ கோப்பைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்கப் பட்டியலில் அந்தக் கேமைக் கிளிக் செய்து, ஃப்ரேம்ரேட் லிமிட் பெட்டியில் எண்ணை எழுதி என்டர் தட்டுங்கள். குளோபல் என்ற வரியில் எழுதாதீர்கள். அங்கே எழுதினால் அந்த வரம்பு லாஸ்லெஸ் ஸ்கேலிங்கின் வெளியீட்டின் மீதும் விழ வாய்ப்புண்டு. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட் போடுகிறவர்களும் அந்தக் கேமுக்கு மட்டும் போட வேண்டும்.

எந்த எண்? ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் இல்லாத மானிட்டர் என்றால், வரம்பு பெருக்கல் மடங்கு சரியாக ஹெர்ட்ஸுக்குச் சமமாக வேண்டும்:

- 120 ஹெர்ட்ஸ்: 60 × 2 அல்லது 40 × 3
- 144 ஹெர்ட்ஸ்: 72 × 2 அல்லது 48 × 3
- 165 ஹெர்ட்ஸ்: 55 × 3
- 180 ஹெர்ட்ஸ்: 90 × 2 அல்லது 60 × 3
- 240 ஹெர்ட்ஸ்: 120 × 2, 80 × 3 அல்லது 60 × 4

60-ல் பூட்டிய எல்டன் ரிங்கை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 2 மடங்காக்கினால் 120 வரும். 144-க்குள் அது சரியாகப் பொருந்தாது, கேமராவைத் திருப்பும்போது லேசான குலுக்கல் தெரியும். மானிட்டரையே 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். எண் குறைந்தாலும் படம் சீராகும்.

ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் இருந்தால், மொத்தம் ஹெர்ட்ஸை எட்டாமல் சற்றுக் கீழேயே நிற்க வேண்டும். எட்டிவிட்டால் வேரியபிள் ரெஃப்ரெஷ் வேலை செய்யாமல் விசிங்க் (மானிட்டரின் அடுத்த புதுப்பிப்புவரை பிரேமைக் காக்க வைக்கும் முறை) வந்து உட்காரும், அல்லது படம் கிழியும். எவ்வளவு கீழே என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஹெர்ட்ஸை அதே ஹெர்ட்ஸால் பெருக்கி 3600-ஆல் வகுத்து, வந்த எண்ணை ஹெர்ட்ஸிலிருந்து கழியுங்கள். 144-க்கு 138 வரும். ஆகவே வரம்பு 69 × 2 அல்லது 46 × 3. 165-க்கு 157; வரம்பு 78 × 2 அல்லது 52 × 3. 240-க்கு 224, வரம்பு 112 × 2 அல்லது 56 × 4.

இரண்டு மூன்று தேர்வுகள் இருந்தால் உங்கள் கணினி நிம்மதியாகத் தாங்கும் உயர்ந்த அடிப்படையை எடுங்கள். 72 × 2 எப்போதும் 48 × 3-ஐ விட நன்றாக இருக்கும். ஆனால் 72-ஐ அவ்வப்போது மட்டும் தொட்டு 60-க்கு விழும் கேமில், அசையாத 48 மேலானது.

வரம்பு போட்டதும் கேமுக்குள் விசிங்க்கை அணையுங்கள். அது தன் பங்குக்குப் பிரேம்களைக் காக்க வைக்கும். தாமதத்தைக் குறைக்கும் என்விடியாவின் ரிஃப்ளெக்ஸ் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். ஆர்டிஎஸ்எஸ்ஸின் பிரேம்டைம் (ஒவ்வொரு பிரேமுக்கும் ஆகும் நேரம்) வரைபடம் நேர்கோடாக இருக்கிறதா பாருங்கள். கோடு மேலும் கீழும் குத்தினால் இன்னும் 4-ம் படியிலேயே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

## 6. லாஸ்லெஸ் ஸ்கேலிங்கில் எதை எங்கே வைப்பது

பதிப்புக்குப் பதிப்பு பெயர்கள் கொஞ்சம் மாறலாம். இப்போதைய அமைப்பில் இவற்றைத் தொட்டால் போதும்.

ஸ்கேலிங் டைப்: ஆஃப். உங்களுக்கு வேண்டியது பிரேம் ஜெனரேஷன் மட்டும். கேம் ஏற்கெனவே முழு ரெசல்யூஷனில் ஓடும்போது எல்எஸ்1 போன்ற ஸ்கேலரை ஆன் செய்தால் பயனில்லாத வேலைதான் கூடும். அப்ஸ்கேலிங் வசதியே இல்லாத பழைய கேமைச் சிறிய ஜன்னலில் ஓட்டிப் பெரிதாக்கும்போதுதான் அது வேண்டும்.

பிரேம் ஜெனரேஷன்: எல்எஸ்எஃப்ஜி 3.1. இது லாஸ்லெஸ் ஸ்கேலிங்கின் சொந்தப் பிரேம் ஜெனரேஷன் முறை, 2025-ல் வந்த பதிப்பு. பழைய 2-ம் பதிப்பைத் தேர்ந்தெடுக்க இப்போது காரணமில்லை.

மோட்: ஃபிக்ஸ்டு, மல்டிப்ளையர் 2. இதிலிருந்தே தொடங்குங்கள். 2 மடங்கில் திரைக்கு வருவதில் பாதி உண்மையான பிரேம். 4 மடங்கில் நான்கில் ஒன்றுதான் உண்மை. அடாப்டிவ் மோட் 144 போன்ற ஓர் இலக்கை வைத்துக்கொண்டு, அடிப்படை எவ்வளவு இருந்தாலும் இடைவெளியை நிரப்பும். 60-ல் பூட்டிய கேமை 144-க்கு இழுக்கவும், அடிப்படை ஏறி இறங்கும் கேமுக்கும் அது உதவும். ஆனால் 60-க்கும் 144-க்கும் நடுவே முழு மடங்கு கிடையாது. அதனால் உண்மையான பிரேம்கள் பெரும்பாலும் அப்படியே திரைக்கு வராது. கணித்த படங்களே வரும். ஜிபியு வேலையும் கூடும், சிதைவும் கூடும். ஃபிக்ஸ்டு சரிப்படாதபோது மட்டும் அதற்குப் போங்கள்.

ஃப்ளோ ஸ்கேல். அசைவைக் கணிக்கும்போது படத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும் என்பது இது. 1080பி-க்கு 100, 1440பி-க்கு 75, 4கே-க்கு 50 சதவீதம். 4கே-யில் 100 வைத்தால் படம் அழகாகும் என்று நினைக்காதீர்கள். ஜிபியு திணறி அடிப்படை இறங்கும், அதனால் படம் மோசமாகத்தான் ஆகும்.

பர்ஃபார்மன்ஸ் மோட். கணிக்கும் வேலையை இலகுவாக்கும், தரம் ஒரு படி குறையும். ஜிடிஎக்ஸ் 1650, இன்டெகிரேட்டட் கிராபிக்ஸ் போன்றவற்றில் ஆன் செய்யுங்கள். தெம்பான கார்டில் அணைத்தே வையுங்கள்.

கேப்ச்சர் ஏபிஐ. கேமின் படத்தை மென்பொருள் பிடிக்கும் வழி இது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பும் அதற்குப் பிந்தையதும் என்றால் டபிள்யூஜிசி. பழைய விண்டோஸ் என்றால் டிஎக்ஸ்ஜிஐ. ஒன்றில் கோளாறு வந்தால் மற்றொன்றை முயன்று பார்க்கலாம், தப்பில்லை.

க்யூ டார்கெட். எத்தனை பிரேம்கள் வரிசையில் காத்திருக்கலாம் என்பது இது. 1-ல் வையுங்கள். 0 தாமதத்தைக் குறைக்கும். ஆனால் ஜிபியுவில் இடமில்லாவிட்டால் திக்கும். 2 திக்கலை மறைக்கும், தாமதத்தைக் கூட்டும். எல்லாம் சரியாக ஓடத் தொடங்கிய பிறகு 0-வைச் சோதித்துப் பாருங்கள்.

சிங்க் மோட். வேரியபிள் ரெஃப்ரெஷ் இருந்தால் ஆஃப் வைத்து, ஜி-சிங்க் சப்போர்ட் தேர்வை ஆன் செய்யுங்கள். அது இல்லாத மானிட்டரில் டிஃபால்ட் போதும்.

டிரா எஃப்பிஎஸ்: ஆன். இதை ஆன் செய்யாமல் அடுத்த படியைச் செய்ய முடியாது.

விண்டோஸில் எச்டிஆர் ஓடுகிறது என்றால் எச்டிஆர் சப்போர்ட்டையும் ஆன் செய்யுங்கள். மறந்தால் வண்ணங்கள் வெளிறியோ எரிந்தோ தெரியும்.

## 7. போடுங்கள், இரண்டு எண்களைப் படியுங்கள்

கேமைத் திறந்து, கேம் ஜன்னலே முன்னால் இருக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அல்லது மென்பொருளில் ஸ்கேல் பட்டனை அழுத்திவிட்டு, எண் இறங்கும் 5 விநாடிக்குள் கேமுக்குத் தாவுங்கள். மூலையில் 72/144 போல இரண்டு எண்கள் தோன்றும். இடது எண் கேமிலிருந்து பிடித்த பிரேம்கள், வலது எண் திரைக்குப் போனவை. எது கோளாறு என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இடது எண் வரம்பில் அசையாமல் நின்றால் எல்லாம் சரி.

இடது எண் வரம்புக்குக் கீழே போனால் ஜிபியுவில் இடமில்லை. மடங்கைக் கூட்டி ஈடுகட்டப் பார்ப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. சுமை கூடி இன்னும் விழும். கேம் செட்டிங்கைக் குறையுங்கள், அல்லது வரம்பை இறக்குங்கள், அல்லது பர்ஃபார்மன்ஸ் மோடை ஆன் செய்யுங்கள். இந்த வரிசையிலேயே முயலுங்கள்.

இடது எண் வரம்பை விட மேலே போனால், கேம் தவிர வேறு ஏதோ ஒன்றும் சேர்ந்து பிடிபடுகிறது: டிஸ்கார்ட் ஓவர்லே, அசையும் வால்பேப்பர், ஏதாவது ஒரு மிதக்கும் ஜன்னல். ஒவ்வொன்றாக மூடுங்கள், கேப்ச்சர் ஏபிஐயை மாற்றுங்கள்.

வலது எண் சரியாக இருந்தும் மென்மை தெரியவில்லையென்றால் 3-ம் படிக்குத் திரும்பி ஹெர்ட்ஸைப் பாருங்கள்.

ஆர்டிஎஸ்எஸ் மட்டும் இன்னமும் 72 என்றே காட்டுகிறது என்று பதறாதீர்கள். அது கேமுக்குள் உட்கார்ந்து எண்ணுகிறது. வெளியே உருவான பிரேம்கள் அதற்குத் தெரியாது. திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளின் கேம் கேப்ச்சரில் பதிவு செய்தாலும் அடிப்படைப் பிரேம்கள்தான் வரும்.

பிறகு கண்ணால் சோதியுங்கள். கம்பங்கள், சன்னல் கம்பிகள், மரங்கள் போல நெட்டுக்குத்தான கோடுகள் உள்ள இடத்தில் நின்று கேமராவை மெதுவாகச் சுழற்றுங்கள். கோடுகள் சீராக நகர வேண்டும். அடுத்து வேகமாகச் சுழற்றுங்கள். கதாபாத்திரத்தின் ஓரத்தைச் சுற்றி நீர் அலைவது போலக் கொஞ்சம் தெரியும். அந்த உருவத்துக்குப் பின்னால் மறைந்திருந்த இடம் திடீரென்று வெளிப்படும்போது, அங்கே என்ன இருந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது. திரையின் விளிம்புகளிலும், அசையாத குறிவட்டத்தைச் சுற்றியும் இதே கதைதான். அடிப்படை கூடக் கூட இது குறையும், முழுதாகப் போகாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றி மீண்டும் அதே இடத்தில் பாருங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாமலே போய்விடும்.

## 8. வழக்கமான கோளாறுகள்

ஷார்ட்கட் வேலை செய்யவில்லை. பார்டர்லெஸ் போட்டும் அப்படியே இருந்தால், கேம் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையில் ஓடுகிறது. லாஸ்லெஸ் ஸ்கேலிங்கையும் அதே உரிமையில் திறக்க வேண்டும். தாழ்ந்த உரிமையில் ஓடும் மென்பொருளுக்கு, உயர்ந்த உரிமையுள்ள ஜன்னலில் அழுத்தும் விசைகள் போய்ச் சேராது.

திரை கருப்பாகிறது, அல்லது உறைந்து நிற்கிறது. கேப்ச்சர் ஏபிஐயை மாற்றுங்கள். போகவில்லையென்றால் மென்பொருளில் பிரிஃபர்டு ஜிபியு, கேம் ஓடும் அதே கார்டா என்று பாருங்கள்.

இரண்டு மவுஸ் அம்புகள் தெரிகின்றன. கர்சர் பகுதியில் ஹைட் கர்சரை ஆன் செய்யுங்கள். அம்பு இரண்டாவது மானிட்டருக்கு ஓடினால் கிளிப் கர்சர்.

மவுஸ் கனமாக இருக்கிறது. முதலில் ஜிபியு உழைப்பைப் பாருங்கள். 95-க்கு மேல் என்றால் காரணம் அதுதான். அடுத்து கேமின் விசிங்க் உண்மையிலேயே அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே க்யூ டார்கெட்டை 0 ஆக்கிப் பாருங்கள். இவ்வளவுக்குப் பிறகும் கனமாக இருந்தால் அடிப்படை போதவில்லை. கண்ட்ரோலரில் விளையாடினால் இதே தாமதம் பாதியளவுகூட உறுத்தாது. மூன்றாம் நபர் பார்வையில் ஓடும் கேம்கள் கண்ட்ரோலரோடு இதற்கு மிகவும் பொருத்தம்.

கேம் புதிய இடத்துக்குள் நுழையும்போது மட்டும் திக்குகிறது. அது ஷேடர் (ஜிபியு ஓட்டும் சிறு நிரல்) தயாரிப்போ, மெதுவான ஹார்டு டிஸ்க்கோ காரணமாக வருவது. உண்மையான பிரேமே வராமல் நிற்கும்போது நடுவில் எதையும் கணிக்க முடியாது. கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றினால் பலன் இருக்கும்.

## 9. லேப்டாப், இரண்டாவது கார்டு

பல லேப்டாப்களில் கேம் ஓடுவது என்விடியா கார்டில். திரை இணைந்திருப்பதோ சிபியுவோடு வரும் இன்டெகிரேட்டட் கிராபிக்ஸில். லாஸ்லெஸ் ஸ்கேலிங் தவறுதலாக அந்தச் சிறிய ஜிபியுவில் ஓடினால் வலது எண் இலக்கைத் தொடவே தொடாது. பிரிஃபர்டு ஜிபியுவில் பெரிய கார்டின் பெயரை நேரடியாகத் தேர்ந்தெடுங்கள். திரை எந்த ஜிபியுவோடு இணைய வேண்டும் என்று மாற்றும் மக்ஸ் ஸ்விட்ச் உள்ள லேப்டாப் என்றால் திரையையும் பெரிய கார்டுக்கே மாற்றிவிடுங்கள். சார்ஜர் செருகியிருக்க வேண்டும். பேட்டரியில் ஓடினால் ஜிபியு தன் வேகத்தைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும்.

லேப்டாப்பில் இன்னொரு வேலையும் உண்டு. முதல் 5 நிமிடத்தில் அளந்த எண்ணை நம்ப வேண்டாம். அரை மணி நேரம் விளையாடிச் சூடேறிய பிறகு இடது எண் வரம்பில் நிற்கிறதா என்று பாருங்கள். வெயில் காலத்தில், குளிர்சாதனம் இல்லாத அறையில், 60-க்குப் பதில் 55 வரம்பு வைக்க வேண்டிவரலாம்.

டெஸ்க்டாப்பில் பழைய கார்டு சும்மா கிடந்தால் அதை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு, கணிக்கும் வேலை முழுவதையும் அதற்கே தள்ளலாம். பெரிய கார்டின் எஃப்பிஎஸ் குறையாது. மானிட்டர் கேபிள் இரண்டாவது கார்டில் இருக்க வேண்டும். விண்டோஸ் 11 கிராபிக்ஸ் செட்டிங்ஸில் கேம் பெரிய கார்டில் ஓடும்படி வைத்து, லாஸ்லெஸ் ஸ்கேலிங்கின் பிரிஃபர்டு ஜிபியுவாக இரண்டாவதைக் கொடுங்கள். கேபிளைப் பெரிய கார்டிலேயே விட்டுவிட்டால் ஒவ்வொரு பிரேமும் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும், ஆதாயம் போய்விடும். இரண்டாவது ஸ்லாட் வெறும் ஒற்றை லேன் (தரவு போகும் ஒரே பாதை) என்றால் இந்த முயற்சி வேண்டாம், முழுப் பிரேம்களைச் சுமக்க அதில் வழி போதாது. பவர் சப்ளை இரண்டு கார்டையும் தாங்குமா என்பதையும் முன்பே கணக்கிடுங்கள்.

## 10. கேமுக்கொரு ப்ரொஃபைல்

அமைப்பு சரியாக வந்ததும் இடப்பக்கம் புதிய ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கி, கேமின் எக்ஸ்இ கோப்பை அதோடு இணையுங்கள். ஆட்டோ ஸ்கேலை ஆன் செய்தால் கேமைத் திறந்ததும் தானே தொடங்கும். லாஞ்சர், தொடக்கக் காட்சி எல்லாம் கடந்து கேம் ஜன்னல் வரும்வரை சில விநாடி தாமதமும் கொடுங்கள். இல்லையென்றால் லாஞ்சரின் ஜன்னலையே பிடித்துக்கொள்ளும்.

ஒரு கேமுக்கு ஒத்துவந்த எண்களை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். புதிய கேம் என்றால் 4-ம் படியிலிருந்து மீண்டும் அளக்க வேண்டும். டிரைவரைப் புதுப்பித்த பிறகும், கேமுக்குப் பெரிய அப்டேட் வந்த பிறகும், அதே கனமான இடத்துக்குப் போய் இடது எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.